கடைவீதியா, பைபாஸா, லேஅவுட்டா? கொங்கு ஊர்களில் கடைக்கு இடம் பார்க்கும்போது

கோபியிலோ உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ புதிதாகக் கடை வைக்க நினைக்கிறவர்கள் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். பழைய கடைவீதியில் பத்தடி ஷட்டருக்குக் கேட்கிற வாடகைக்கு, பைபாஸில் முப்பதடி முகப்போடு கடை கிடைக்கிறது. முன்னால் நாலு கார் நிறுத்தலாம், லாரி வாசலுக்கே வரும். அப்புறம் எதற்கு அந்த நெரிசலில் போய் உட்கார வேண்டும் என்று பையன் கேட்கிறான். "கூட்டம் இருக்கிற பக்கமாப் பாத்து கடையைப் போடுங்க மாப்பிள்ளை" என்கிறார் மாமனார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் வாடகையை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். கடைவீதி வாடகை என்பது இடத்துக்கான காசு மட்டுமில்லை, வாசலில் நடக்கிற கூட்டத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிற காசு. பைபாஸில் வாடகை குறைவு, ஆனால் கூட்டத்தை நீங்களே செலவு செய்து வரவழைக்க வேண்டும். இந்த இரண்டு தொகையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

## எதை வைத்து எடை போடுவது

வருகிறவர் எதில் வருகிறார்? பஸ்ஸில் வருகிறவரா, டூவீலரா, காரா, நடையா? மற்ற எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் டவுனுக்கு வந்து போகிற செலவு அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. அந்த பஸ் போய் நிற்பது டவுன் பஸ் ஸ்டாண்டில். புடவை, பாத்திரம், வளையல், மருந்து, தையல் சாமான் விற்கிறவர்கள் இதை முதல் வரியில் எழுத வேண்டும்.

காசு எந்தக் கிழமை, எந்த மாதம் கைக்கு வருகிறது? திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் என்றால் ஞாயிறு வியாபாரம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விற்ற காசு மாசி பங்குனியில் புழங்கும். பொள்ளாச்சியிலும் புஞ்சை புளியம்பட்டியிலும் வியாழக்கிழமை சந்தை. சந்தை நாளில் கடைக்கு முன்னால் கூட்டம் அலைமோதினால், அதே இடம் சந்தை இல்லாத நாளில் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் யார்? நகைக்கடை பக்கத்தில் ஜவுளிக்கடை, ஜவுளிக்கடை பக்கத்தில் தையல் சாமான் கடை என்று ஒன்றுக்கொன்று ஆளை அனுப்புகிற வரிசை இருக்கிறதா?

சரக்கு எப்படி ஏறி இறங்கும்? லாரி வாசலுக்கு வருமா, தள்ளுவண்டியில் மாற்றி ஏற்ற வேண்டுமா?

5 வருடத்தில் எது மாறும்? பஸ் ஸ்டாண்டு இடம் மாறலாம், வீதி ஒருவழிப் பாதை ஆகலாம், நடுத்தடுப்பில் இருக்கும் திறப்பை அடைக்கலாம்.

இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட எண்ணித் தெரிந்துகொள்வது மேல். பார்த்து வைத்த கடைக்கு எதிரில் 15 நிமிடம் நின்று, கடக்கிறவர்களை எண்ணுங்கள். காலை 11 மணி, மாலை 5 மணி, இரவு 7.30 என்று மூன்று வேளை. ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள், ஒரு ஞாயிறு என்று மூன்று நாள். ஆக 9 எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் 4 ஆல் பெருக்கினால் மணிக் கணக்கு. எண்ணும்போது மூன்று கோடு போடுங்கள்: மொத்தம் நடந்தவர்கள், கையில் வேறு கடைப் பை வைத்திருந்தவர்கள், நடையைத் தளர்த்திக் கடைகளைப் பார்த்தவர்கள். இரண்டாவது கோடுதான் முக்கியம். பையோடு நடக்கிறவர் வாங்க வந்தவர். பை இல்லாமல் வேகமாகப் போகிறவர் பஸ் பிடிக்கப் போகிறார். கூட்டம் நிறைய இருந்தும் பை குறைவாக இருந்தால் அது நடைபாதைதான், கடைவீதி ஆகாது. அங்கே டீக்கடை ஓடும், ஜவுளி ஓடாது.

## பழைய கடைவீதி

கோவையில் ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி. ஈரோட்டில் மணிக்கூண்டைச் சுற்றி. கரூரில் ஜவஹர் பஜார். திருப்பூரில் குமரன் ரோடும் காதர்பேட்டையும். இவை எதுவும் ஒரு நாளில் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. கோவில், சந்தை, பஸ் அல்லது ரயில் ஆகிய மூன்றும் நடந்து போகிற தூரத்தில் இருந்ததால் நடுவில் கடைகள் நிரம்பின. காதர்பேட்டை பனியன் வியாபாரம் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி வளர்ந்ததற்குக் காரணம் எளிது: வெளியூர் வியாபாரி ரயிலில் இறங்கி, நடந்து போய் நாலு கடை பார்த்து, கட்டுக் கட்டி, அடுத்த ரயிலில் ஏறிவிடலாம்.

கடைவீதியின் பெரிய பலம், ஒருவர் ஒரு வேலைக்கு வந்து நாலு வேலை முடித்துப் போவது. கல்யாண ஜவுளி எடுக்க வருகிற குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு எடுத்த கையோடு ரவிக்கைத் துணிக்கு லைனிங், பிறகு ஃபால்ஸ், வளையல், தாம்பூலப் பை, பாத்திரச் சீர், பத்திரிகை அச்சு, நடுவில் ஒரு சாப்பாடு. எட்டுக் கடை. இதில் ஏழு கடைக்காரர் அந்தக் குடும்பத்தை அழைத்து வர ஒரு ரூபாய் செலவு செய்யவில்லை. "பையை இங்க வெச்சுட்டுப் போறனுங்க, பஸ் ஏறும்போது எடுத்துக்கறேன்" என்று சொல்ல இடம் இருப்பதால்தான் அவர்கள் எட்டாவது கடை வரைக்கும் போகிறார்கள்.

இரண்டாவது பலம் ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி. ஒரே சரக்கு விற்கிற பத்துக் கடை வரிசையாக இருந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. பார்த்து, தொட்டு, விலை கேட்டு வாங்குகிற சரக்குக்குப் பத்துக் கடை இருக்கிற வீதிக்குத்தான் ஆள் வரும். தனியாக ஒரு பாத்திரக் கடை ஊர் எல்லையில் இருந்தால், அங்கே பிடிக்காவிட்டால் வேறு வழியில்லையே என்று முதலிலேயே போக மாட்டார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இவற்றைத்தான் அதிகம் பேர் கணக்கில் விடுகிறார்கள்.

குடோன்: கடை 200, 250 சதுர அடி என்றால் சரக்கு வைக்க வேறு இடம் வேண்டும். அதற்குத் தனி வாடகை, எடுத்து வரத் தனி ஆள்.

ஏற்று இறக்குக் கூலி: பகலில் லாரி உள்ளே வராத வீதிகளில் சரக்கு பார்சல் ஆபீஸிலேயே இறங்கி, வண்டி மாறி வரும். கண்ணாடி, பீங்கான், மாவு மூட்டை போன்றவற்றுக்கு இந்த இரண்டாவது கைமாற்றத்தில்தான் சேதம்.

பகடி: பழைய வாடகைதாரர் விட்டுப் போகக் கேட்கிற தொகை. இதற்கு ரசீது கிடைக்காது, உரிமையாளர் நாளை "எனக்குத் தெரியாது" என்றால் திரும்ப வராது. கொடுத்தே ஆக வேண்டிய இடமானால், ரேக், ஏ.சி., இன்வெர்ட்டர் போன்ற பொருள்களை விலை போட்டு வாங்கியதாக எழுத்தில் பெறுங்கள். அந்த விலைக்கு மேல் போகிற பணத்தைப் போனதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் யார் என்பது: கடைவீதிக் கட்டடங்களில் கோவில் நிலமும் நகராட்சிக் கடையும் நிறைய. கோவில் இடம் என்றால் அறநிலையத்துறையின் நியாய வாடகை விதி வரும், 3 வருடத்துக்கு ஒருமுறை வாடகை மறுபரிசீலனை ஆகும். நகராட்சிக் கடை என்றால் ஏலத்தில் எடுத்தவர் பெயர் ஒன்று, உள்ளே வியாபாரம் செய்கிறவர் வேறொருவர் என்று உள்வாடகை ஓடும். அப்படி உள்வாடகைக்கு எடுத்தால் உங்கள் பெயரில் தொழில் உரிமமும் ஈ.பி. இணைப்பும் பெறுவதில் சிக்கல். தனியார் கட்டடத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரியாமல் இருந்தால், வாடகை வாங்குகிற அண்ணனிடம் மட்டும் கையெழுத்து வாங்குவது போதாது.

வயரிங்: 40, 50 வருடக் கட்டடத்தில் பழைய வயர் மேல் ஏ.சி. போட்டால் சூடாகும். 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்து வரிசையாகக் கடைகள் எரிந்தது நினைவிருக்கும். சுவர் ஒட்டிய கடைகளில் தீ ஒரு கடையோடு நிற்காது. வாடகைக்கு எடுக்கும்போதே வயரிங் முழுவதும் மாற்றி, எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (மின்கசிவு ஏற்பட்டால் கரன்ட்டை நிறுத்தும் கருவி) போட்டு, சரக்குக்குத் தீ காப்பீடு எடுத்துவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரரும் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேட்பதில் தப்பில்லை.

வெயில் பக்கம்: வடக்கு தெற்காக ஓடும் வீதியில் மேற்கு பார்த்த கடைக்கு மதியம் 2 மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே அடிக்கும். துணி வெளுக்கும், கரன்ட் பில் ஏறும். கிழக்கு பார்த்த வரிசைக்கு முன்னால் அந்நேரம் நிழல் விழும், நடக்கிறவர்கள் அந்தப் பக்கமே ஒதுங்கி நடப்பார்கள். ஒரே வீதியில் இரண்டு வரிசைக்கும் வாடகை வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார் நிறுத்த இடமில்லை என்பது உண்மையான குறை. ஆனால் அதில் பாதி கடைக்காரர்கள் தாங்களே உண்டாக்கியது. 12 அடி முகப்புள்ள 100 கடை, இரண்டு பக்கமும் 50 என்றால், வீதி 600 அடி நீளம், இரு ஓரமும் சேர்த்து 1,200 அடி. கடைக்கு 3 வேலையாட்கள், அவர்களில் பாதிப் பேர் வண்டியை வாசலிலேயே நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். 150 வண்டி, ஒன்றுக்கு இரண்டரை அடி, மொத்தம் 375 அடி. வாங்க வருகிறவருக்கு ஒதுங்க இருக்கிற ஓரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை காலை 9 மணிக்கே கடையாட்கள் பிடித்துவிடுகிறார்கள். சங்கம் கூடி, பக்கத்தில் ஒரு காலி மனையை மாத வாடகைக்கு எடுத்து ஆட்களின் வண்டிகளை அங்கே அனுப்பினால், நகராட்சியிடம் மனு கொடுக்காமலே இடம் பிறக்கும்.

## பைபாஸும் ரிங் ரோடும்

ஈரோட்டு ஜவுளியைப் பார்த்தால் இந்த ஒப்பீடு நன்றாகப் புரியும். பன்னீர்செல்வம் பார்க் பக்கம் கனி மார்க்கெட்டில் திங்கள் மாலை தொடங்கி செவ்வாய் வரைக்கும் வாரச் சந்தை, கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். அதே ஊரின் ஜவுளி மொத்த வியாபாரத்துக்கென்று சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் கங்காபுரத்தில் டெக்ஸ்வேலி இருக்கிறது. ஒன்று ஊருக்குள், ஒன்று நெடுஞ்சாலையில். லாரியில் கட்டுக் கட்டாக ஏற்றுகிறவருக்கு நெடுஞ்சாலை வசதி. பத்துக் கடை ஏறி இறங்கி, விலை பேசி, பையில் எடுத்துப் போகிறவருக்கு ஊர் நடு வசதி. உங்கள் வாடிக்கையாளர் எந்த ஆள் என்று கேட்டுக்கொண்டால் பாதி விடை வந்துவிடும்.

டைல்ஸ், சானிட்டரி, மரம், கம்பி, சிமென்ட், டிராக்டர், டூவீலர் ஷோரூம், பர்னிச்சர், தீவன மூட்டை, சொட்டுநீர்க் குழாய்: இவற்றுக்கு பைபாஸ்தான் சரி, யோசிக்க வேண்டியதில்லை. இவற்றை வாங்குகிறவர் அதற்கென்றே வண்டி எடுத்து வருகிறார்.

சில்லறைக் கடைதான் இங்கே ஏமாறுகிறது. ரோட்டில் வண்டி நிறையப் போவதைப் பார்த்துக் கூட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற கார் ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. போர்டைப் பார்த்து, நிற்கலாமா என்று யோசித்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து ஒதுங்க 8 வினாடி ஆகும் என்றால், கடைக்கு 130 மீட்டர் முன்பே உங்கள் போர்டு கண்ணில் பட வேண்டும். பக்கத்துக் கட்டடம் மறைத்தால் முடிந்தது. நெடுஞ்சாலை நிலத்தில் போர்டு நட்டால் எடுத்துப் போய்விடுவார்கள்.

எந்தப் பக்கம் என்பதும் பெரிது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். மாலையில் டவுனிலிருந்து வீடு திரும்புகிற திசையின் இடது ஓரம் பழம், காய்கறி, பேக்கரிக்கு நல்லது. காலையில் டவுனுக்குள் வருகிற திசையின் இடது ஓரம் டிபன் கடைக்கு நல்லது. நடுத்தடுப்பு இருக்கும் ரோட்டில் எதிர்ப்பக்கத்து வண்டி உங்களுக்கு இல்லாததற்குச் சமம். நடுத்தடுப்பில் திறப்பு இருப்பதை நம்பிக் கடை எடுத்தவர்கள், விபத்து நடந்து அந்தத் திறப்பை மூடிய மறுநாள் பாதி வியாபாரத்தை இழப்பார்கள். அந்தத் திறப்புக்கு நஷ்டஈடு கேட்க வழியில்லை.

தேசிய நெடுஞ்சாலையிலிருந்து மனைக்கு நேரடி நுழைவு வைக்க நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி தேவை. உரிமையாளரிடம் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். ரோடு அகலப்படுத்த நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடமும் தாலுகா அலுவலகத்திலும் சர்வே எண் சொல்லிக் கேளுங்கள். கடையின் முன்பக்கம் 15 அடி போனால் நிறுத்தும் இடமே போய்விடும்.

பிற செலவுகள்: இரவு காவலாள், பெரிய போர்டும் அதற்கான விளக்கும், விளம்பரம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி. இன்னொன்று, பெண் வேலையாட்கள். டவுன் பஸ் நிற்காத இடத்தில் இரவு 8 மணிக்குக் கடை மூடினால், அவர்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? இதற்கு வண்டி ஏற்பாடு செய்யாத கடைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறது.

## லேஅவுட் கடை

வாடகை குறைவு, போட்டி குறைவு, மழை பெய்தாலும் ஆள் வருவார்கள். மளிகை, காய்கறி, பால், மருந்து, இஸ்திரி, தையல், மாவு மில் போன்றவற்றுக்கு இதுதான் இடம்.

வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 30 பில் போட வேண்டும், ஒரு வீடு வாரம் இரண்டு முறை வாங்கும் என்றால் 105 வீடு உங்களிடமே வாங்க வேண்டும். மூன்று வீட்டில் ஒரு வீடுதான் உங்கள் பக்கம் வரும் என்றால், 5 நிமிட நடைக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள், 315 வீடு குடியேறியிருக்க வேண்டும். வரைபடத்தில் 400 மனை இருக்கும். வீடு கட்டிக் குடி வந்தது 90 ஆக இருக்கும். இரவு 8 மணிக்குப் போய் விளக்கு எரிகிற வீடுகளை எண்ணுங்கள்.

இங்கே மறைந்திருப்பது பாக்கி நோட்டும் ஈ.பி.யும். தெரிந்த முகம் என்பதால் கடன் ஏறும், மாதம் பிறந்தால் கேட்கவும் கூச்சமாக இருக்கும். வீட்டின் முன் அறையைக் கடையாக்கியவர்கள் வீட்டு இணைப்பிலேயே ஃப்ரிட்ஜ் ஓட்டிச் சோதனையில் மாட்டுகிறார்கள். கடைக்கு வணிக இணைப்பு தனியாக வாங்கிவிடுங்கள். மனை வீட்டுக்கு மட்டும் அப்ரூவல் ஆனதா, கடை வைக்கத் தொழில் உரிமம் கிடைக்குமா என்பதையும் முன்னரே கேளுங்கள்.

## மால், புது காம்ப்ளக்ஸ்

சுருக்கமாகச் சொன்னால், பெயர் தெரிந்த பிராண்டின் கிளைக்கும், சாப்பாட்டுக்கும், குழந்தை விளையாட்டுக்கும் இது பொருந்தும். தனிக்கடைக்காரருக்கு வாடகைக்கு மேல் பராமரிப்புக் கட்டணம், பொது ஏ.சி. பங்கு, கட்டாயத் திறப்பு நேரம் ஆகியவை சேரும். டவுன் காம்ப்ளக்ஸில் முதல் மாடிக் கடை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: படி ஏறி வருகிறவர் உங்கள் பெயரைத் தெரிந்து வருகிறவர் மட்டுமே. டியூஷன், ஆடிட்டர், கண் டாக்டர், தையல் போன்றோருக்குச் சரி. தற்செயலாகப் பார்த்து வாங்கும் சரக்குக்குச் சரிவராது.

## ஒரே தாளில்

கீழே உள்ளது கணக்குப் போடும் முறையைக் காட்டும் உதாரணம். உங்கள் ஊர் வாடகையை இதில் பொருத்திக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி போட்டிருக்கிறது.

| மாதச் செலவு (ரூ.) | கடைவீதி, 250 ச.அடி | பைபாஸ், 600 ச.அடி | லேஅவுட், 200 ச.அடி |
|---|---|---|---|
| வாடகை | 25,000 | 18,000 | 8,000 |
| அட்வான்ஸ் வட்டி | 2,500 | 1,000 | 500 |
| குடோன் | 5,000 | இல்லை | இல்லை |
| ஏற்று இறக்குக் கூலி | 3,000 | இல்லை | இல்லை |
| கரன்ட் | 3,000 | 6,000 | 2,500 |
| விளம்பரம் | இல்லை | 8,000 | இல்லை |
| காவல் | இல்லை | 4,000 | இல்லை |
| டெலிவரி | இல்லை | 4,000 | இல்லை |
| வராத பாக்கி | இல்லை | இல்லை | 2,000 |
| மொத்தம் | 38,500 | 41,000 | 13,000 |
| லாப விகிதம் | 20% | 20% | 12% |
| இடச்செலவுக்கு மட்டும் தேவையான விற்பனை | 1,92,500 | 2,05,000 | சுமார் 1,08,300 |

வாடகையில் 7,000 ரூபாய் மலிவாகத் தெரிந்த பைபாஸ், மொத்தத்தில் 2,500 ரூபாய் கூடுதலாகிறது. மாதம் 26 நாள், சராசரி பில் 300 ரூபாய் என்றால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய 25 முதல் 27 பில் தினமும் விழுந்தால்தான் இடச்செலவே தீரும். ஆள் சம்பளம், உங்கள் சம்பளம் எல்லாம் அதற்கு மேல்தான். இப்போது முதலில் எண்ணிய, கடைப் பையோடு நடந்தவர்களின் கணக்கை எடுங்கள். அந்த 27 பேர் எங்கே தானாக வருவார்கள்?

## கடைவீதி இருட்டினால்

இந்த முடிவை ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்கிறோம், ஆனால் அதன் விளைவு சேர்ந்துதான் வருகிறது. வீதியில் அடுத்தடுத்து மூன்று ஷட்டர் மூடினால் அந்த 40 அடி இரவு 7 மணிக்கே இருட்டாகிறது. பெண்கள் அந்தப் பக்கம் நடப்பதைக் குறைக்கிறார்கள். அடுத்த கடைக்காரர் 9 மணிக்கு மூடியதை 8 மணிக்கு மூடுகிறார். பூக்காரம்மாவுக்கு வியாபாரம் குறைகிறது, அவர் பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு மாறுகிறார். லைனிங், ஜிப், பட்டன் விற்கிற சின்னக் கடை பெரிய ஜவுளிக்கடையை நம்பி இருந்தது. பெரிய கடை பைபாஸுக்குப் போனால் சின்னக் கடையால் கூடவே போக முடியாது, வாடகை கட்டாது. அங்கே தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த டெய்லருக்கும் அத்தோடு வேலை போச்சு.

ஊரில் வண்டி ஓட்டாதவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கிராமத்துப் பெண்கள். இவர்கள் தாங்களாகவே போய், தாங்களாகவே பார்த்து வாங்க முடிகிற ஒரே இடம் பஸ் நிற்கிற கடைவீதி. எல்லாக் கடையும் பைபாஸுக்குப் போன ஊரில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்க மகன் லீவு போட வேண்டும்.

நகராட்சிக் கணக்கும் இதையே சொல்லும். முன்பு சொன்ன 100 கடை, இரு பக்கமும் சேர்ந்து 600 அடி வீதியில் அடங்கும். ஒரு சாக்கடை, ஒரு வரிசை விளக்கு, ஒரு குப்பை வண்டி. அதே 100 கடை, இடையில் விடும் இடமும் சேர்த்துக் கடைக்கு 60 அடியாக பைபாஸின் ஒரு பக்கமாக நின்றால் 6,000 அடி, கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். பத்து மடங்கு நீளத்துக்கு விளக்கும் சாக்கடையும் போட்டுப் பராமரிக்கும் செலவு நாம் கட்டும் வரியில் இருந்துதான் போகும்.

கடைவீதியில் ஏற்கெனவே இருக்கிறவர்கள் செய்யக்கூடிய மலிவான வேலைகள் உண்டு. மூடிய பிறகும் போர்டு விளக்கை 9.30 வரை எரிய விடுவது. சரக்கு இறக்குவதைக் காலை 9 மணிக்குள் முடிப்பது. காலியான கடையின் முகப்புக்கு வெள்ளையடித்து, தீபாவளி, ஆடி மாதங்களுக்குத் தற்காலிகமாகவாவது வாடகைக்கு விடச் சொல்லி உரிமையாளரைக் கேட்பது. எல்லாவற்றுக்கும் மேல், பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை. எட்டுக் கடை ஏற வந்த குடும்பம் நாலு கடையோடு திரும்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. பலரும் வாய்விட்டுச் சொல்லாததால் எந்தச் சங்கக் கூட்டத்திலும் இது பேச்சுக்கே வருவதில்லை. தரைக்கடைகளை விரட்டச் சொல்லி மனு கொடுப்பதற்கு முன்னாலும் யோசியுங்கள். 2014 சட்டப்படி சாலையோர வியாபாரிகளுக்கு உரிமை இருக்கிறது. அவர்களால் வருகிற கூட்டமும் உங்கள் வாசலைக் கடந்துதான் போகிறது. ஷட்டரை மறைக்காமல் இடம் பிரித்துக்கொள்ளப் பேசுவதே பலன் தரும்.

## எது யாருக்கு

பார்த்து ஒப்பிட்டு வாங்கும் சரக்கு, பஸ்ஸில் வரும் பெண்கள், கல்யாணம், சீர், நோம்பி (பண்டிகை) வியாபாரம் என்றால் கடைவீதி. வாடகை அதிகமாகத் தெரிந்தால் இடத்தைச் சுருக்குங்கள், வீதியை மாற்றாதீர்கள். மெயின் வீதியிலிருந்து திரும்பும் சந்தில் முதல் மூன்று கடைக்குள் கிடைத்தால் வாடகை இறங்கும், பார்வை அவ்வளவாக இறங்காது. ஐந்தாவது கடைக்கு மேல் போனால் குடோனுக்குத்தான் ஆகும்.

எடை, நீளம், லாரி இருந்தால் பைபாஸ். தினசரித் தேவை என்றால் லேஅவுட். இரண்டும் கலந்த தொழில்களுக்கு, உதாரணமாக ஹார்டுவேர், எலெக்ட்ரிக்கல், பாத்திர மொத்த வியாபாரத்துக்கு, கடைவீதியில் சின்னதாக ஒரு கவுண்டர், பைபாஸில் குடோன் என்று பிரிப்பதுதான் எங்கள் முதல் ஆலோசனை. கவுண்டரில் மாதிரி பார்த்து பில் போடுவார்கள், சரக்கு குடோனிலிருந்து நேராக வீட்டுக்குப் போகும்.

## கையெழுத்துக்கு முன்

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். "ஒருமுறை உள்ளே போயிட்டா யாரும் எழுப்ப முடியாது" என்ற பழைய தைரியத்தில் உள் அலங்காரத்துக்கு 6 லட்சம் போட்டுவிட்டு 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட முதல் திரும்ப எத்தனை வருடம் ஆகுமோ அத்தனை வருடத்துக்கு ஒப்பந்தம் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் பதிவுள்ளவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத உரிமையாளரிடம் கடை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை வாடகைதாரரே நேரடியாகக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் விலக்கு. சாதாரணப் பதிவில் இருப்பவர்கள் கட்டியதை, தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டியவை: ஆண்டு வாடகை உயர்வு எத்தனை சதவீதம், அட்வான்ஸ் காலி செய்த எத்தனை நாளில் திரும்பும், கட்டடம் விற்றால் புது உரிமையாளரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா, பாதாளச் சாக்கடைக்கு வீதியைத் தோண்டினால் அந்த மாதங்களுக்கு வாடகை எவ்வளவு.

பஸ் ஸ்டாண்டு மாறப்போகிறது என்ற பேச்சு உங்கள் ஊரில் இருந்தால் அதற்கும் ஒரு வரி சேருங்கள். 2024 நவம்பரில் நாமக்கல்லின் வெளியூர்ப் பேருந்துகள் முதலைப்பட்டிப் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போயின. இப்படி மாறும்போது ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் டவுனுக்குள் இறங்குவது நின்றுவிடும், நகரப் பேருந்துக் கூட்டம் தங்கும். டீ, பழம், பேக்கரி, லாட்ஜ் முதலில் அடிவாங்கும். ஜவுளி, நகை, பாத்திரம் அவ்வளவு அடிவாங்காது. "வெளியூர்ப் பேருந்துகள் வேறிடம் மாறினால் 3 மாத முன்னறிவிப்பில் வாடகைதாரர் காலி செய்யலாம், அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும்" என்று எழுதச் சொன்னால் பல உரிமையாளர்கள் தயங்குவார்கள். தயங்கினால் வாடகையைக் குறைத்துக் கேளுங்கள்.